சிவப்பு நூல்

சிறு பெட்டியொன்றை எங்காவது ஒளித்துவைத்து, இடத்தைக் கைப்பேசி வரைபடத்தில் போட்டுவிடுவார்கள். தேடிக் கண்டுபிடிப்பவர் உள்ளிருப்பதை எடுத்துக்கொண்டு, தன் பொருள் ஒன்றை வைத்துவிட்டு வர வேண்டும். இந்த விளையாட்டே கதியென்று திரிந்த ரெஜினாவின் தம்பி சூசைராஜ் சென்ற வருடம் காணாமல் போனான். அவன் ஒளித்த பெட்டிகளைத் தேடி அவள் அலைகிறாள். இடிந்த உப்புக் கிடங்கின் சுவர்ப்பொந்து, தூர்ந்த கிணற்றின் படியிடுக்கு என்று, பிறந்த ஊரிலேயே அவள் பார்த்திராத இடங்கள். ஒவ்வொன்றிலும் அவனுக்குப் பிடித்த புளிப்பு மிட்டாயை வைப்பாள். மறுமுறை போனால் மிட்டாய் இருக்காது; ஒரு சட்டைப் பொத்தான் கிடக்கும்.

“எவனோ வெளையாடுதான். விட்டுத் தொலை,” என்றான் கூட வந்த கணவன் அருளப்பன்.

அவள் முன்பு கிடைத்த பொத்தானொன்றை நீட்டினாள். “இந்தச் செவப்பு நூலப் பாருங்க. பச்சை நூல் தீந்துபோச்சுன்னு நான் தச்ச பொத்தான். போன அன்னைக்கு அந்தச் சட்டையத்தான் போட்டிருந்தான்.”

இன்று பெட்டி காலியாக இருந்தது. மூடும்போது கைப்பேசி அதிர்ந்தது. புதிதாக ஒரு பெட்டி ஒளிக்கப்பட்டிருந்தது. ஒளித்தவர் பெயர் சூசைராஜ். வரைபடத்தைப் பெரிதாக்கினாள். புள்ளி அவர்கள் வீட்டுப் புழக்கடையில், சென்ற வருடம் ஆள் வைக்காமல் அருளப்பன் தானே பூசிய சிமென்ட் தளத்தின்மேல் நின்றது.

“எவனோ வெளையாடுதான்னு சொல்லுங்க,” என்றாள்.