ஐந்தாண்டுத் திட்டம்

வலது தோள் கழன்று விழுந்துவிடும்போல இருந்தது. நாற்காலிக் கையில் முழங்கையை ஊன்றினால் வலி விண்ணென்று கழுத்துவரை ஏறியது. காலையில் ஒரு லாரி சிமெண்டை இறக்கிவிட்டு நேரே காலேஜுக்கு வந்திருந்தான் மூட்டைக்காரன்.

குழாயடியில் தலையைக் காட்டியும் முடியில் அப்பிய வெளுப்பு போகவில்லை. லாரியின் பின்கதவு அடித்து முன்பல் இரண்டு போனதிலிருந்து கன்னமும் ஒட்டிவிட்டது. பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். கடைசி வருஷம். மடியில் பை, கண் மட்டும் சுவரில் ஒட்டியிருந்த வேலை விளம்பரங்களில்.

“பிளேஸ்மெண்ட் ஆபீசர் கூப்பிடறாரு,” என்று வந்து நின்றான் பியூன். “ஐயா, அந்தச் சிமெண்டை வெளியவே உதறிட்டு வாங்க. இப்பத்தான் தரையத் துடைச்சேன்.”

“இத உதறினா பாதி ஆள்தான் உள்ள வருவேன். பரவால்லையா?”

பியூனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. “உள்ள வந்து இந்த மாதிரியெல்லாம் பேசாத,” என்றாள் குரலைத் தணித்து.

“நான் ஏன் பேசறேன்? நீ சரின்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்.”

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மிச்ச வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்திருந்தான். ஆடிட்டர் ஆபீஸ் ஒன்றில் அவளுக்கு வேலை தயார். வருகிறாளா இல்லையா என்று சாயங்காலத்துக்குள் சொல்லியாக வேண்டும். வருகிறேன் என்றுவிட்டால் அடுத்த மாதத்திலிருந்து அவள் சம்பளத்தில் உலை கொதிக்கும். இவன் மூட்டையைக் கீழே போடலாம்.

மூன்று வருஷமாக இந்த நாளை நினைத்துத்தான் முதுகைக் கொடுத்தான். குடோனில் விட்டுவைப்பார்களா? “தள்ளுங்கடா, மகாராணிக்குப் பல்லக்குத் தூக்கறவன் வர்றான்” என்பார்கள். தூக்கறவனுக்குத்தானே தெரியும் பல்லக்கின் கனம் என்று இவனும் பேசாமல் போய்விடுவான்.

ஆபீசர் நல்ல மனிதர். எழுந்து நின்றே வரவேற்றார். “வாங்கய்யா, வாங்க. பொண்ணு விஷயமா அப்பா நேர்ல வர்றது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? பாதிப் பேர் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கறதில்ல.”

மூட்டைக்காரன் வாயைத் திறப்பதற்குள் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஆபீசர் கம்ப்யூட்டரில் அவளுடைய விவரங்களைத் திறந்தார். “பொறந்த தேதி?”

“மார்ச் ஒம்பது,” என்றான் மூட்டைக்காரன், அவள் எச்சில் விழுங்குவதற்குள்.

“அட, மத்த அப்பாங்களைக் கேட்டா விட்டத்தைப் பார்ப்பாங்க. நீங்க பட்டுன்னு சொல்லிட்டீங்க.”

“மறக்கற தேதியா சார் அது?”

ஆபீசர் தலையாட்டிவிட்டு எழுந்து வெள்ளைப் பலகைப் பக்கம் போனார். “இந்த ஆடிட்டர் ஆபீஸ் வேலை இருக்கே, இவ மார்க்குக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி. முதல்ல வர்ற பஸ்ஸுல ஏறிடாதீங்கன்னு எல்லாப் பசங்ககிட்டயும் சொல்லுவேன். இவ மேல ரெண்டு வருஷம் படிக்கட்டும். அடுத்து ஒரு வருஷம் பயிற்சி. அஞ்சாவது வருஷம் மேனேஜர் சீட்டுல உக்காந்திருப்பா.”

சொல்லச் சொல்லப் படிப்படியாக வரைந்தார். உச்சிப் படியில் ஒரு பொம்மையையும் நிறுத்தினார். பொம்மைக்குக் கையில் பை ஒன்று.

“அதுவரைக்கும் வீடு?” என்றான் மூட்டைக்காரன்.

“அதான் நீங்க இருக்கீங்களே.”

அவன் அவள் பக்கம் திரும்பினான். “நீ என்ன சொல்ற?”

“ரெண்டு வருஷந்தானே,” என்றாள், பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல். “கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும்.”

“படிக்கறவளுக்கு ஓடிடும். தூக்கறவனுக்கு?”

“சரி, நான் அந்த ஆபீஸுலயே போய்க் குப்பை கொட்டறேன். உனக்குத் திருப்திதானே?”

“வேலைக்குப் போறேன்னு நீதான சொன்ன? நானா கேட்டேன்?”

“சொன்னேன். அப்ப எனக்கு என்ன தெரியும்?”

ஆபீசர் நடுவில் புகுந்தார். “ஐயா, கோவிச்சுக்காதீங்க. உங்க உடம்பு படற பாடு தெரியுது. ஆனா நீங்க வாழ்ந்து முடிச்சவரு. வாழப்போறவ அவ. இனிமே உங்களுக்குன்னு தனியா என்ன திட்டம் இருக்கப்போகுது, சொல்லுங்க.”

மூட்டைக்காரன் அவள் சொல்வாள் என்று காத்திருந்தான். சொல்ல வேண்டியவளும் அவள்தான்.

அவள் பையிலிருந்து போனை எடுத்தாள். வேலைக்கு வரவில்லை என்று ஆடிட்டர் ஆபீஸுக்கு இரண்டு வரி அடித்தாள். அனுப்பினாள். போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

“கெட்டிக்காரி,” என்றார் ஆபீசர். “அப்பாவுக்கு ஒரு நன்றி சொல்லும்மா.”

மூட்டைக்காரன் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தான்.

“எனக்கும் இருபத்தொண்ணுதான் சார், நாங்க ரெட்டைப் பிள்ளைங்க. முதல்ல அவ, அடுத்து நான்னு பேச்சு. என் காலேஜ் படிப்பு இன்னும் பாக்கி.”