பவளியின் வேகம்

பவளி ஒரு பந்தயப் புறா. அவளுடைய தாத்தாவும் அப்பாவும் பேர்போன பந்தயப் புறாக்கள்தான். தொலைதூர ஊருக்குக் கொண்டுபோய்த் திறந்துவிடுவார்கள். எது முதலில் கூட்டுக்குத் திரும்புகிறதோ அதற்குக் கோப்பை.

ஒரு பந்தயத்துக்குப் போன அப்பா திரும்பி வரவே இல்லை. பருந்து அடித்திருக்கும் என்றார்கள். பவளி நம்பவில்லை. அதன் பிறகு அவள் பறந்த பந்தயத்திலெல்லாம் அவளுக்கே வெற்றி. ஆனால் கூட்டுக்குள் நுழைந்ததும் சீட்டியோ கைதட்டலோ அவள் காதில் விழாது. அப்பா வந்துவிட்டாரா என்றுதான் தேடுவாள்.

அந்த வருஷத்துப் பெரிய பந்தயத்தில், எல்லோருக்கும் முன்னால் பறந்துகொண்டிருந்தவள் கீழே பார்த்தாள். ஓர் அரிசி ஆலை முற்றத்தில், ஊர்ப் புறாக்களோடு அப்பா நெல் பொறுக்கிக்கொண்டிருந்தார். சட்டென்று இறங்கினாள்.

"அப்பா! இறக்கை உடைஞ்சுபோச்சா?"

"அதெல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு," என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அன்னிக்கு ஒருத்தன் என்னை முந்திட்டான். ரெண்டாவதா எப்படிம்மா வீட்டுக்கு வர்றது?"

பவளி அவர் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். தலைக்கு மேலே மற்றப் புறாக்கள் விர்ரென்று கடந்துபோயின.

"போ, போ! தோத்துடுவே!" என்று பதறினார் அப்பா.

"நான் ஒவ்வொரு தடவையும் வேகமா வீட்டுக்கு வந்ததெல்லாம், நீங்க வந்திருப்பீங்களோன்னுதாம்பா."

அவர் ஒரு நெல்மணியை அவள் பக்கம் தள்ளினார். வெயில் தாழும்வரை பக்கத்திலேயே இருந்துவிட்டு அவள் கிளம்பினாள். வழி நெடுக, வயதான ஒரு புறா பின்னால் வந்தாலும் எட்டிப் பிடித்துவிடக்கூடிய வேகத்தில்தான் பறந்தாள்.