சாலா ஒதுங்கியிருக்கிறாள்

"இது மறுபடி முத்தப் போகுதுன்னு முன்கூட்டியே எப்படித் தெரிஞ்சுக்கிறது டாக்டர்?"

"குடல் புண்ணு ஆறின மாதிரி இருக்கும், திரும்பக் கிளம்பும். ரத்தம் போறதோட காய்ச்சலும் படபடப்பும் சேர்ந்துட்டா, ஒரு பொழுதுகூட வீட்டுல வச்சிருக்காதீங்க. கொண்டாந்து சேத்துருங்க. எனக்கு முன்னாடி, கூட இருக்கிறவருக்குத்தான் தெரியும்."

"நான் கூடத்தானே இருக்கேன்."

சில வருஷங்களுக்கு முன்னால், மனைவியைச் சேர்த்திருந்த டவுன் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அப்படிச் சொல்லிவிட்டு வந்தவன் நாச்சியப்பன்.

இன்று திருமயத்துக்குப் பக்கத்தில் அவன் வீட்டின் பின்கட்டு அறையில் மனைவி சாலா ஒதுங்கியிருந்தாள்.

விலக்கான நாட்களில் அவளை யாரும் தொடுவதில்லை. சோற்றை நிலைப்படியில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அவள் துணியை அவளே அலசிக்கொள்வாள். ஆண்பிள்ளை எட்டிப் பார்ப்பதில்லை. என்ன ஏது என்று கேட்பதுமில்லை.

மத்தியானம் அவனுக்குப் பரிமாறிய தாயார் அழகம்மைக்கு ஒரே அலுப்பு.

"ஒம் பொண்டாட்டிக்கு ஒதுங்குறதே சோலியாப் போச்சுடா. தேரோட்டத்தன்னிக்குத்தான் தலைக்கு ஊத்திக்கிட்டு உள்ள வந்தா. அதுக்குள்ள திரும்பப் போயி உக்காந்துக்கிட்டா. கெட்டிக்காரிதான்!"

சோற்றைப் பிசைந்த கை நின்றது.

தேரோட்டம் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை.

கேட்கக் கூசுகிற வீட்டில், ஒரு நோய்க்கு இதைவிட நல்ல மறைவிடம் எங்கே கிடைக்கும்?

கையை உதறிக்கொண்டு எழுந்தான்.

"டேய், அங்கிட்டு எங்கடா போற? தீட்டுடா!"

நிலைப்படியைத் தாண்டினான்.

வைத்த சோறு வைத்தபடி காய்ந்திருந்தது. சுவரோரம் சுருண்டு கிடந்த சாலா பதறி எழப் பார்த்தாள், முடியவில்லை.

"தொடாதீங்க. அப்புறம் நீங்க குளிக்கணும்."

நெற்றியில் கை வைத்தான். கொதித்தது. மணிக்கட்டைப் பிடித்தான். விரலுக்கடியில் நாடி தறிகெட்டு ஓடியது.

"எத்தனை நாளா சாலா?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பிளஷர் காருக்கு ஆள் விடுறேன். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

பிடித்திருந்த கையை அவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

ஊசிக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்து ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தவன், அவள் கண்ணைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

போன தடவை, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய கார் இந்த வாசலில் நிற்கவில்லை. 'நல்லாத் தேறட்டும்' என்று தாயார் சொல்ல, அவனும் தலையாட்ட, அவளை அவள் பிறந்த வீட்டில் இறக்கிவிட்டுப் போயிற்று. அவள் தேறின பிறகும் வெகுகாலம் யாரும் கூப்பிடப் போகவில்லை. அவனும் போகவில்லை. திரும்பி வந்த பின் அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

சாலா அவன் கையைத் தானே தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"வாரேன். ஆனா... எங்க ஆத்தா வீட்டுல கொண்டுபோயி விட்டுறாதீங்க. என்னைய இங்கயே கூட்டியாந்துருங்க."