ராஜாளி மார்க் தமிழ்

பிரஸ் ஆபீஸ் மேஜை மேல் வெற்றிலை பாக்கு, ஆப்பிள், ஸ்வீட் பெட்டி. பார்க்கிறவன் முதலாளி பலவேசம் வீட்டில் நிச்சயதார்த்தம் என்றுதான் நினைப்பான். அம்புட்டும் ஒரு சாஃப்ட்வேரை ஒழித்துக்கட்ட வாங்கி வைத்தது.

எதிரே உட்கார்ந்திருந்த ஸ்ரீமதி எதையும் தொடவில்லை. தமிழ் டைப் அடிக்கிற ‘சிட்டு’ என்ற சாஃப்ட்வேரை அவள்தான் தனியாளாக எழுதினாள். காலண்டர் தாள், பட்டாசு லேபிள் என்று சிவகாசி பிரஸ்காரர்களுக்கு வேண்டியதைக் கேட்டுக் கேட்டுச் சேர்த்து, நாலைந்து வருஷமாக விற்றுக்கொண்டிருந்தாள்.

பலவேசத்திடமும் ஒரு சாஃப்ட்வேர் இருந்தது, பெயர் ‘ராஜாளி’. பெயர்தான் பெரிசு. மகன் தருண்குமார் அதை எழுதி முடித்த கையோடு சிங்கப்பூருக்குப் போய்விட்டான். தகப்பன் தன் பிரஸ்ஸில் ராஜாளியைத் தவிர எதுவும் ஓடாது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தார்.

இப்போது சென்னைக் கம்பெனி ஒன்று கூட்டுச் சேர ஆள் தேடியது. சிவகாசியில் ஒரே ஒரு தமிழ் சாஃப்ட்வேரைத்தான் சேர்த்துக்கொள்வோம், அது பிரஸ்ஸில் ஓடுவதை நேரில் பார்த்த பிறகுதான் கையெழுத்து என்று சொல்லியிருந்தார்கள். விருதுநகரில் ரயிலைவிட்டு இறங்கி காரில் ஏறிவிட்டோம் என்று சற்று முன் போன் வந்தது. அவர்கள் வந்து சேர்வதற்குள் சிட்டுவை விலைக்கு வாங்கி அழித்துவிட வேண்டும், போட்டிக்கு ஆள் இருக்கக் கூடாது என்பது பலவேசத்தின் கணக்கு.

“இனிமே கம்ப்யூட்டருக்குள்ளயே தமிழ் வந்துருமாம்மா. ஒன்னோடது மாதிரி சில்லறைச் சரக்கெல்லாம் அதோட காலி. சென்னைக்காரன் கையப் பிடிச்சவன்தான் பொழைப்பான். அந்தக் கை ஒனக்கு எட்டாது தாயி.”

ஸ்ரீமதிக்கும் அந்தப் பயம் உண்டு. போன வருஷம் சிட்டு வாங்க வந்தவர்களில் பாதிப் பேர்கூட இந்த வருஷம் வரவில்லை. அதனால்தான் வந்து உட்கார்ந்திருந்தாள்.

அதோடு விட்டாரா மனுஷன்? அடுப்படியில் உட்கார்ந்து எழுதின சாஃப்ட்வேர் மளிகைக்கடை பில்லுக்குத்தான் லாயக்கு என்றார். தன் பிரஸ்ஸில் அடித்த 2006 காலண்டர் தாளை அவள் முன்னால் வீசினார். இந்த எழுத்துக்குப் பக்கத்தில் சிட்டு நிற்குமா என்று கேட்டார்.

அவள் தாளை எடுத்து நிதானமாகப் பார்த்தாள்.

“அண்ணாச்சி, இதை முடிக்கிறதுக்கு முந்தி உங்க ஆளுககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டீகளா?”

“எங்கிட்டச் சம்பளம் வாங்குறவன்கிட்ட நான் எதுக்குக் கேக்கணும்?”

வாசலில் நின்ற சங்கிலிமுத்து, கம்ப்யூட்டர் ரூமுக்கு அவன்தான் பொறுப்பு, என்னவோ சொல்ல வாயெடுத்தான். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே வராதேலே என்று ஒரு அதட்டல் விழுந்தது. அந்த பிரஸ்ஸில் எவனும் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடித்ததில்லை.

கம்ப்யூட்டர் ரூமுக்குள் பலவேசம் காலெடுத்து வைத்ததும் இல்லை. தூசி ஆகாது, ஏசி ரூம், எல்லாரும் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். சொந்தக் கம்பெனியில் தான் செருப்பைக் கழற்றுவதா என்று வீம்பு. மெஷினில் அடித்து வருகிற தாளை மட்டும் பார்த்துவிட்டு மீசையை நீவிக்கொள்வார்.

ஸ்ரீமதி கையெழுத்துப் போட்டாள். பேசினபடி வீட்டுக் கம்ப்யூட்டரிலும் அழித்துவிட்டதாகச் சொல்லி, மிச்சமிருந்த ஒரே மூல சிடியை அவரிடம் நீட்டினாள். அவர் அதைக் கீழே போட்டு செருப்புக் காலால் மிதித்தார். சடக்கென்று இரண்டானது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது, ஆனாலும் தலையைக் குனியவில்லை. செக்கை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

“லேய் சங்கிலிமுத்து, அந்தச் சனியனை எவனாச்சும் நம்ம கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சிருந்தாலும் வச்சிருப்பான். ஒண்ணு விடாம அழி. சிடி கெடந்தா ஒடைச்சுக் குப்பையில போடு. சென்னைக்காரன் கண்ணுல பட்டா நம்ம மானம் என்னத்துக்காகும்?”

“மொதலாளி, அதுல வந்து…”

“சொன்னதை மட்டும் செய்லே.”

சங்கிலிமுத்து செருப்பைக் கழற்றிவிட்டு ரூமுக்குள் போனான்.

கார் வந்து நின்றது. இறங்கிய இரண்டு பேருக்கும் பலவேசம் மாலை போட்டார். சிவகாசியில் இனி ராஜாளி ஒன்றுதான், வேறு எந்தப் பயலும் கிடையாது என்றார். அவர்கள் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு, ஓடுவதைப் பார்த்துவிடலாம் என்றார்கள்.

கம்ப்யூட்டர் ரூம் வாசலில் இரண்டு பேரும் பூட்ஸைக் கழற்றினார்கள். வேறு வழியில்லாமல் பலவேசமும் செருப்பைக் கழற்றினார். முதல் தடவையாக அந்த ரூமுக்குள் போனார்.

உள்ளே மூன்று ஸ்கிரீனும் வெறுமையாக இருந்தன. டைப் அடிக்கிற பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சார்மாருக்குச் சும்மா உட்கார்ந்தா காட்டுகிறீர்கள், ராஜாளியை ஓட்டிக் காட்டுங்கலே என்று பலவேசம் கத்தினார்.

சங்கிலிமுத்து சென்னைக்காரர்களை ஒரு தடவை பார்த்தான். இந்தத் தடவை அவனை யாரும் நிறுத்தவில்லை.

“நீங்க சொன்னபடியே சிட்டுவ ஒண்ணு விடாம அழிச்சிட்டேன் மொதலாளி. இங்கன இம்புட்டு நாளா ஓடுனது அது ஒண்ணுதான்.”