தேயிலைப் பூத்தேர்

“பூ இல்லாத தேருல அம்மனை எப்படிங்க ஏத்துறது? மேல் டிவிசன்காரன் சிரிக்க மாட்டானா?” என்றார் பூசாரி பழனியாண்டி.

கோயில் முன்னால் மூங்கில் தேர் எலும்பும் தோலுமாக நின்றது. தோல்கூட இல்லை. வருடா வருடம் துரை பங்களாத் தோட்டத்துப் பூவில்தான் அம்மன் லயம் லயமாக, தொழிலாளர் வீட்டு வரிசைகள் வழியே ஊர்வலம் போவாள். சீமையிலிருந்து வந்த புதுத் துரையோ ஒரு இதழ்கூடத் தரமுடியாது என்று சொல்லிவிட்டார். நாளைக்குத் தேர்.

“கங்காணி, நீங்க இன்னொரு தடவ துரைகிட்டக் கேட்டுப் பாருங்களேன்.”

ஆண்டியப்பன் கங்காணி தலையைத் தூக்கவே இல்லை. “அந்த மனுசன் முன்னால போயி நிக்க என்னால ஆகாதுங்க” என்றார்.

சில நாளாகவே அவர் அப்படித்தான். சோறு இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. தேர்க் கவலை மனுசனை இப்படி உருக்குகிறதே என்று லயமே அவருக்காகப் பரிதாபப்பட்டது.

பொழுது சாய உடுக்கை அடித்தார்கள். திடீரென்று பெண்கள் பக்கம் ஒரு கூச்சல். கங்காணியின் மனைவி நாகலெட்சுமி கூந்தலை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு ஆடினாள்.

அவள் வாயில்லாப் பூச்சி. கல்யாணமாகி வந்த இத்தனை வருடத்தில் அவளுக்கு அருள் வந்து யாரும் பார்த்ததில்லை. பூசாரியே ஓர் அடி பின்னால் போனார்.

“துரை வீட்டுப் பூவ எவன்டா கேட்டது?” என்று அதட்டினாள். “எனக்கு இந்தத் தடவ தேயிலைப் பூவுலதான் தேர் வேணும்.”

“தேயிலைப் பூவா தாயி?” என்றாள் பக்கத்தில் நின்ற ராக்காயி. “அத எங்கன்னு போயித் தேடுறது?”

“ஏழாம் நம்பர் மலையில பூத்துக் கெடக்குடி. ஒத்தப் பூவ மிச்சம் வெச்சாலும் தேரு நகராது.”

அம்மனோடு வம்பு யாருக்கு வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் லயமே மலையேறியது. கொழுந்துக் கூடையில் அன்றைக்குப் பூ விழுந்தது. அடிக்கிளை வரை துழாவி, மொட்டுக்கூட விடாமல் பறித்தார்கள்.

சாயங்காலம் தேர் வெள்ளைவெளேரென்று புறப்பட்டது. மேல் டிவிசன்காரர்கள் சிரிக்கவில்லை, கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பழனியாண்டிக்கு வாயெல்லாம் பல். கங்காணி மட்டும் பூவையே வெறித்துப் பார்த்தபடி நடந்தார்.

மறுநாள் காலை துரை ஏழாம் நம்பர் மலைக்கு வந்தார். பிரம்பால் செடிகளை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டு நிரை நிரையாக நடந்தார். கடைசியில், “கங்காணி, மலை சுத்தமா இருக்கு. நல்லது” என்று சொல்லிவிட்டுக் குதிரை ஏறினார்.

ஆண்டியப்பன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். போன உயிர் திரும்பி வந்தது. காய்ச்சலில் பாதி ஆள் படுத்துவிட்டதால் பல மாதம் கொழுந்து எடுக்காமல் விட்டுப்போன மலை அது. கொழுந்து எடுக்காத செடி பூத்துவிடும். ‘திங்கட்கிழமை வருவேன், ஒரு பூ கண்ணில் பட்டாலும் நீ குடும்பத்தோடு தோட்டத்தை விட்டுப் போ’ என்று துரை சொல்லியிருந்ததை அவர் ஒரே ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தார்.

அந்த ஒருத்தி, அடுத்த நிரையில் கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்துகொண்டு, ஒன்றும் தெரியாதவள் போலக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள்.