குனிந்து பேச ஒரு ஓட்டை

சேமநிதி அலுவலகத்தின் கவுன்டர் கண்ணாடியில், எந்தப் புண்ணியவான் வெட்டினானோ, பேசுகிற ஓட்டை இடுப்பு உயரத்தில் இருக்கிறது. தன் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்த பணத்தைக் கேட்கத்தான் லேத் மெஷின்காரர் இப்படிக் கும்பிடு போடுகிறவர் மாதிரி குனிந்து நிற்கிறார். அவர் சட்டைக் காலரில் ஒட்டிய இரும்புச் சுருள் ஒன்று டியூப்லைட்டில் மினுங்குகிறது. ஆஸ்பத்திரிச் சீட்டு கை வியர்வையில் ஊறிக் கிடக்கிறது. “அக்காவுக்கு நாளைக்கு ஆபரேஷன்மா. பணம் கட்டினாத்தான் உள்ள கொண்டுபோவாங்களாம்.” உள்ளே கிளார்க் பெண் டீயை ஊதுகிறாள். “வைத்தியச் செலவுன்னா அப்பா, அம்மா, மனைவி, பிள்ளைங்க. அக்கா குடும்பத்துல வர மாட்டாங்க சார்.” “எனக்கு அவங்க யாருமே இல்ல. இடுப்புல தூக்கி வளர்த்தது அக்காதாம்மா.” “ரூல் அப்படி. நான் என்ன பண்றது?” கம்ப்யூட்டர் திரையை உருட்டிக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நிற்கிறாள். முகம் மலர்கிறது. “நாமினியா அக்கா பேரைத்தான் போட்டிருக்கீங்க. கவலையே படாதீங்க, உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா மொத்தமும் அவங்களுக்குத்தான்.” அவர் மெல்ல நிமிர்கிறார். வாய்க்கு நேரே கண்ணாடியில் ஆவி படிகிறது. “அப்ப அவ பிழைக்கணும்னா நான் இங்கயே செத்துக் காட்டணுமா?” அவள் காதருகே கையைக் குவிக்கிறாள். “கேக்கல சார். குனிஞ்சு பேசுங்க.”