காட்சி முனை

“வண்டிய நிறுத்து. தலை சுத்துது.”

மூன்றாவது முறையாக மாமியார் காரை நிறுத்தச் சொன்னாள். மருமகள் பிரேக்கை மிதித்த மிதியில் இருவருமே முன்னால் போய் வந்தார்கள்.

மலைச்சாலையின் ஓரத்தில் கம்பித் தடுப்பு. கீழே பள்ளத்தாக்கு முழுவதும் வெயில். சுற்றுலா வந்தவர்கள் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாமியாரும் இறங்கிப் போய் செல்போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள்.

தலை சுற்றுகிறவளுக்குப் படம் ஒரு கேடா என்று மருமகள் பல்லைக் கடித்தாள்.

அவர்கள் ஊர் சுற்ற வரவில்லை. வெளிநாட்டில் வேலை என்று போன மருமகளின் கணவனை, மலைக்கு அப்பாலிருந்த பழைய ஊரில் பார்த்ததாக ஒரு லாரி டிரைவர் சொல்லியிருந்தார். கல் வளைவைத் தாண்டி மூன்றாவது சந்து, பச்சைக் கதவு.

“எம்புள்ள மேல பழியா போடற? நானும் வர்றேன். பொய்னு ஆச்சுன்னா நடுத்தெருவுலயே நீ என் கால்ல விழணும்” என்று காலையில் மாமியார் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

அப்புறம் வழியெல்லாம் வாய் ஓயவில்லை. மருமகள் வண்டி ஓட்டும் லட்சணம், அவள் அப்பன் வளர்த்த லட்சணம், ஒரு புழு பூச்சி தங்காத வயிறு. மருமகள் யாருடைய கழுத்தையோ பிடிப்பதுபோல ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தாள்.

ஊர் வந்தது. கருத்துப்போன கல் வளைவு, நின்றுபோன மணிக்கூண்டு, கல் பாவிய குறுகல் தெரு.

கோட்டையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றாள் மாமியார். மருமகள் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள் முளைத்தன. ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை.

பச்சைக் கதவு. மாடிக் கொடியில் அவள் கணவனின் சட்டை காய்ந்துகொண்டிருந்தது.

தட்டினாள். திறந்த பெண், இவளைப் பார்த்ததுமே முகம் வெளிறிக் கதவைச் சாத்தப் பார்த்தாள். மருமகள் காலைக் குறுக்கே வைத்தாள்.

“பாத்தீங்களா அத்தை, உங்க புள்ளை பண்ணியிருக்கற வேலைய?”

“ஐயோ, எனக்கு ஒண்ணுமே தெரியாதேடி!” மாமியார் மாரில் அடித்துக்கொண்டாள். “எங்குடியக் கெடுக்க இவ எங்கேர்ந்து வந்தா?”

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவள் மருமகளின் தோளில் சாய்ந்து அழுதாள். மருமகளுக்கும் தாங்கவில்லை. அழுதுகொண்டே மாமியாரின் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

கதவிடுக்கு வழியாக ஒரு குழந்தை வெளியே வந்தது. இரண்டு வயதிருக்கும்.

மருமகளைப் பார்த்து மிரண்டு, சுவரோடு ஒட்டிக்கொண்டது.

பிறகு மாமியாரிடம் ஓடியது. அவள் தோளில் தொங்கிய பையை இழுத்து, பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து, உள்ளே கையை விட்டு ஒரு மிட்டாயை எடுத்துக்கொண்டது.

மற்ற ஜிப்புகளை அது தொடவேயில்லை.